யார் பேரில் பட்டா?

பெங்களூரில் ஈஜிபுரா என்று ஒரு பகுதி உண்டு. தமிழ் பேசும் குடும்பங்கள் பல இங்கே வாழ்கின்றன. சிலருக்குப் பிழைப்பு இங்கே. நிலம் சொந்த ஊரில்.

ஈஜிபுராவில் ஓர் அக்கா பூ விற்கிறார். அவர் பிறந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். அங்கே அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். 2 ஏக்கர் நிலம் இருக்கிறது. தம்பி கேழ்வரகும் தக்காளியும் பயிர் செய்கிறார்.

ஒரு நாள் தம்பி அக்காவைத் தேடி வந்தார். அவர் முகம் வாடி இருந்தது.

“என்ன தம்பி, என்ன விஷயம்?”

“தக்காளி நாற்று நடணும் அக்கா. 20,000 ரூபாய் வேணும். கடன் கேட்டு பேங்குக்குப் போனேன். பட்டாவைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனி வட்டிக்காரரிடம்தான் போகணும்.”

அக்கா பட்டாவை வாங்கினார். அவர் இரவு வகுப்பில் படித்தவர். எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தார்.

“இதில் அப்பா பேர் அல்லவா இருக்கிறது! அப்பா இறந்து 8 வருஷம் ஆகிறதே. இறந்தவர் பேரில் உள்ள பட்டாவுக்கு யார் கடன் தருவார்கள்?”

“உழுவது நான்தானே அக்கா?”

“அது ஊருக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாதே!”

தம்பி யோசித்தார். “அப்படியானால் என் பேருக்கு மாற்றிவிடுகிறேன். நீ ஒரு கையெழுத்துப் போடு.”

“அப்பாவுக்கு நீயும் பிள்ளை. நானும் பிள்ளை. அம்மாவும் இருக்கிறாள். 3 பேர் பேரும் பட்டாவில் இருக்கட்டும். நிலத்தை நீயே உழு. கடன் வாங்க நாங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறோம்.”

தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சரி அக்கா. ஆனால் நாற்று அதுவரை காத்திருக்குமா?” என்று கேட்டார்.

“இந்தப் போகத்துக்கு எங்கள் மகளிர் குழுவில் கடன் கேட்கிறேன். நீ முதலில் பட்டாவை மாற்ற மனுக் கொடு” என்றார் அக்கா.

தெரிந்துகொள்வோம்

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை உண்டு. தமிழ்நாடு இதை 1989இல் கொண்டுவந்தது. கர்நாடகம் 1994இல் கொண்டுவந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது.

பட்டாவை மாற்றுவது எப்படி?

1. இறப்புச் சான்று வாங்க வேண்டும்.
2. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்க வேண்டும். எந்த வாரிசின் பேரையும் விடக் கூடாது. விட்டால் பின்னால் வழக்கு வரும்.
3. இ-சேவை மையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

கர்நாடகத்தில் நில உரிமையைக் காட்டும் காகிதம் பஹணி. அங்கே இவை ‘பூமி’ திட்டத்தில் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. இறந்தவர் பேரிலிருந்து வாரிசு பேருக்கு மாற்றுவதைப் பௌதி காதா என்பார்கள்.

சொந்த நிலம் இல்லாத குத்தகை விவசாயிகளும் கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து பேங்கில் கடன் கேட்கலாம்.

கணக்குப் போடுவோம்

20,000 ரூபாய்க் கடன். வட்டிக்காரரிடம் 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய் வட்டி. ஓர் ஆண்டுக்கு 12,000 ரூபாய்!

1998 முதல் விவசாயிகளுக்குக் கிசான் கடன் அட்டை தரப்படுகிறது. இதில் பயிர்க் கடனுக்கு 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி. ஓர் ஆண்டுக்கு 1,400 ரூபாய். தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 ரூபாய்தான். அப்போது 800 ரூபாய் போதும்.

விடை கூறுங்கள்

1. தம்பிக்கு ஏன் கடன் கிடைக்கவில்லை?
2. அக்கா ஏன் 3 பேர் பேரையும் சேர்க்கச் சொன்னார்?
3. வட்டிக்காரரிடம் வாங்கினால் எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும்?
4. உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் படியுங்கள். அதில் யார் பேர் இருக்கிறது?