கரும்பு வெட்டும்போது காட்டுப்பூனைக் குட்டிகளைக் கண்டால்

புதுவை–விழுப்புரம் சாலையில் உள்ள திருவாண்டார்கோயில் சுற்று வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் பயிராகின்றன. நெல் சில மாதங்களில் அறுவடையாகிவிடும். கரும்போ பத்து, பன்னிரண்டு மாதம் ஆளை மறைக்கும் அடர்த்தியுடன் நிற்கிறது. உள்ளே எலியும் உண்டு. வாய்க்காலில் தண்ணீரும் உண்டு. எனவே காட்டுப்பூனை, கீரி, நரி போன்றவை கரும்புத் தோட்டத்தையே காடாகக் கொண்டு குட்டி போடுகின்றன.

வெட்டு ஆட்கள் இறங்கியதும் தாய்ப்பூனை ஓடிவிடும். சோகைக்கு அடியில் குட்டிகள் மட்டும் கிடக்கும். "தாயில்லாக் குட்டிகள்" என்று இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் உண்டு. "சிறுத்தைக் குட்டி" என்று ஊரைக் கூட்டுவோரும் உண்டு. இரண்டாலும் குட்டிகளுக்குக் கேடுதான். அவை பெரும்பாலும் அநாதைக் குட்டிகள் அல்ல. ஆள் அரவம் அடங்கும் வரை தாய் பக்கத்து வயலில் பதுங்கியிருக்கும். இருட்டியதும் வந்து, ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்றுவிடும்.

காட்டுப்பூனையால் என்ன பயன்?

காட்டுப்பூனையின் முக்கிய உணவு எலி. ராஜஸ்தானிலுள்ள சரிஸ்கா காட்டில் நடந்த ஆய்வில், ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை தின்பதாக மதிப்பிடப்பட்டது. அப்படியானால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். சில சமயம் கோழிக்குஞ்சைத் தூக்குவதும் உண்டு. மாலையில் கோழிகளைக் கூட்டில் அடைத்து வைத்தால் அத்தொல்லை குறையும். எலியால் கரும்பிலும் நெல்லிலும் ஏற்படும் சேதத்தை எண்ணிப் பார்த்தால், இப்பூனை சம்பளம் வாங்காத காவல்காரன்.

அடையாளம்

சிறுத்தைக் குட்டியின் உடலில் கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். காட்டுப்பூனைக் குட்டியின் உடலில் மங்கலான கோடுகள் தெரியும். வளர வளர அவை மறையும். தாய்ப்பூனை வீட்டுப் பூனையைவிடப் பெரியது. கால்கள் நீண்டிருக்கும். வால் குட்டையாகவும், நுனியில் கறுப்பு வளையங்களுடனும் இருக்கும்.

குட்டிகளைக் கண்டவுடன்

1. அந்த இடத்தில் வெட்டை நிறுத்தி, ஆட்களை வேறு பக்கம் அனுப்ப வேண்டும். வேடிக்கை பார்ப்போரையும் நாய்களையும் அண்டவிடக் கூடாது.

2. குட்டிகளை இருந்த இடத்திலேயே விட்டு, சுற்றிலும் சிறிதளவு கரும்பை வெட்டாமல் நிறுத்துவது சாலச் சிறந்தது. லாரி காத்திருந்தாலும், இரண்டொரு சென்ட் கரும்பை மறுநாள் வெட்டுவதால் பெரும் நஷ்டம் வராது.

3. நகர்த்தியே ஆகவேண்டுமெனில், கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு குட்டிகளை எடுத்து, தாழ்வான திறந்த கூடையில் வைத்து, அருகிலேயே மறைவான வரப்போரம் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பெரும்பாலும் வெறும் நம்பிக்கையே.

4. அன்றே வனத்துறைக்குத் தகவல் தரவேண்டும். இவ்வட்டாரத்தில் புதுவை, தமிழ்நாடு எல்லைகள் பின்னிக் கிடப்பதால், நிலம் எந்த எல்லையில் உள்ளதோ அந்த அரசின் வனத்துறைக்குச் சொல்வது முறை.

5. பொழுது சாய்ந்தபின் அங்கு எவரும் போகக் கூடாது. டார்ச் அடித்துப் பார்த்தால் தாய் வராது. விடிந்தபின் தொலைவிலிருந்து பார்த்தால் போதும். குட்டிகள் அங்கேயே இருந்தால் உடனே வனத்துறையினரிடம் தெரிவித்து, அவர்கள் சொற்படி நடக்க வேண்டும்.

மகாராஷ்டிர மாநிலம் புணே மாவட்டத்து ஜுன்னர் வட்டாரத்தில் சிறுத்தைகளே கரும்புத் தோட்டத்தில் குட்டி போடுகின்றன. அங்கு வெட்டின்போது கிடைக்கும் குட்டிகளை வனத்துறையினரும் கால்நடை மருத்துவர்களும் பரிசோதித்து, மாலையில் அதே வயலில் பெட்டியில் வைத்துவிட்டு விலகி நிற்கின்றனர். இரவில் தாய் வந்து அழைத்துச் செல்வது பலமுறை கேமராவில் பதிவாகியுள்ளது. காட்டுப்பூனைக் குட்டிகளுக்கும் அங்கே இம்முறையே கையாளப்படுகிறது.

உண்மையில் உதவி தேவைப்படுவது எப்போது?

அருகில் தாய் இறந்து கிடந்தாலோ, குட்டிக்கு அரிவாள் வெட்டு, தீக்காயம், நாய்க்கடி இருந்தாலோ, ஈ மொய்த்துப் புழு வைத்திருந்தாலோ, உடல் சில்லிட்டுத் துவண்டிருந்தாலோ காத்திருக்கக் கூடாது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, குட்டியை வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். உடல் சில்லிட்டிருந்தால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். வனத்துறையினர் வரும் வரை அல்லது கால்நடை மருத்துவரிடம் சேர்க்கும் வரை இதுவே போதும்.

செய்யக் கூடாதவை

பசும்பால் புகட்டக் கூடாது. கழிச்சல் கண்டு குட்டி இறக்கலாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மாட்டுக்குப் போடும் மருந்தைப் போடக் கூடாது. குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

வீட்டில் வளர்ப்பதும் கூடாது. தாயிடம் வேட்டை பழகாத குட்டி வளர்ந்தபின் வயலுக்குத் திரும்பிப் பிழைப்பது அரிது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வன விலங்கைப் பிடிப்பதும் வேட்டையாடுவதாகவே கருதப்படும். அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு, அரசுச் சொத்தாகக் கருதப்படும் விலங்கு ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது.

வெட்டுக்கு முன்

நான்கு புறமும் சுற்றி வெட்டி நடுவில் முடித்தால், உள்ளே உள்ள விலங்குகள் சிக்கிக் கொள்ளும். ஒரு புறத்தில் தொடங்கி, வெட்டாத தோட்டம் அல்லது ஆற்றங்கரைப் புதர் உள்ள திசை நோக்கி வெட்டிச் செல்ல வேண்டும். சோகையைக் கொளுத்தினால் ஓடத் தெரியாத குட்டிகள் அதிலேயே கருகிவிடும். சோகையைக் கொளுத்தாமல் கட்டைக் கரும்புக்கு மூடாக்காகப் பரப்பினால் ஈரமும் நிற்கும், களையும் குறையும். வனத்துறை அலுவலகத் தொலைபேசி எண்ணை வெட்டுக்கு முன்பே கேட்டு வாங்கி, மேஸ்திரியிடமும் கொடுத்து வைத்தல் நலம்.