மழைக்கு அஞ்சும் சூரியத் தகடு

எம்ஆர்டி ரயில் தரைக்கு மேல் ஓடும்போது சன்னல் வழியே பாருங்கள். வீவக அடுக்குமாடிகளின் கூரைகளில் கருநீலத் தகடுகள் வரிசையாகப் படுத்திருக்கும். கூரைகள் மட்டும் போதவில்லை. 2021ஆம் ஆண்டில் தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 122,000 தகடுகளை மிதக்கவிட்டார்கள். நல்ல வெயிலில் அவை எல்லாம் சேர்ந்து 60 மெகாவாட் வரை தரக்கூடியவை. சிங்கப்பூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். அதனால் ஒவ்வொரு தகடும் தன்மேல் விழும் ஒளியில் எத்தனை விழுக்காட்டை மின்சாரமாக்குகிறது என்பது நமக்கு முக்கியமாகிறது.

நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஒளி விழுகிறது. 22 விழுக்காடு திறனுள்ள தகடு அதில் 220 வாட்டைத்தான் மின்சாரமாகத் தரும். மீதி 780 வாட் எங்கே போகிறது? கொஞ்சம் எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது. பெரும்பகுதி வெப்பமாகித் தகட்டைச் சூடேற்றுகிறது.

இந்த இழப்பைப் புரிந்துகொள்ள, உங்கள் பள்ளியில் உள்ள பானம் விற்கும் தானியங்கி இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பானத்தின் விலை 1 வெள்ளி 12 காசு என்று வைத்துக்கொள்வோம். இது கொஞ்சம் பொல்லாத இயந்திரம். ஒரு பானத்துக்கு ஒரே ஒரு நாணயம்தான் போடலாம். சிறிய நாணயம் போட்டால் பானம் வராது. பெரிய நாணயம் போட்டால் பானம் வரும், மிச்சம் வராது.

சிலிக்கான் மின்கலமும் அப்படித்தான். அதில் கட்டுண்டு கிடக்கும் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்க 1.12 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். சூரிய ஒளி என்பது ஒளித்துகள்களின் மழை. ஒவ்வொரு துகளும் ஒரு நாணயம். அகச்சிவப்பு ஒளியின் ஒரு பகுதி 1.12ஐ எட்டாததால் பயனின்றிக் கடந்துபோகும். நீலஒளித் துகள் ஒன்றில் 2.8 அளவுக்கு ஆற்றல் இருக்கும். அது விடுவிப்பதும் ஒரே எலெக்ட்ரானைத்தான், மிச்சம் 1.68 வெப்பமாகிவிடும். இந்த இரண்டு முக்கிய இழப்புகளாலும், சிலிக்கானுக்கே உரிய வேறு சில இழப்புகளாலும், அதன் திறனுக்கு ஏறத்தாழ 29 விழுக்காடு என்ற உச்சவரம்பு இருக்கிறது. ஆய்வுக்கூடங்கள் ஏற்கெனவே 27ஐத் தாண்டிவிட்டன. இனி சிலிக்கானை மட்டும் எவ்வளவு மெருகேற்றினாலும் பெரிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை.

அப்படியானால் இரண்டு இயந்திரங்களை அடுக்கி வைத்தால் என்ன? மேலே இருப்பதில் விலை 1.68, கீழே இருப்பதில் 1.12. பெரிய நாணயங்களை மேல் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அது ஏற்காத சிறியவை கீழே விழும். இதுதான் அடுக்கு மின்கலம். இதன்மூலம் சிலிக்கானின் 29 விழுக்காட்டு வரம்பைத் தாண்டலாம். ஆனால் மேல் அடுக்குக்கு, கீழே போகவேண்டிய ஒளியை மறைக்காத, விலை மலிவான ஒரு பொருள் வேண்டும். அந்த இடத்துக்கு வந்திருப்பதுதான் பெரோவ்ஸ்கைட்.

பெரோவ்ஸ்கைட் என்பது 1839ஆம் ஆண்டில் ரஷ்யாவின் யூரல் மலையில் கண்டறியப்பட்ட ஒரு கனிமத்தின் பெயர். சூரிய மின்கலத்தில் இருப்பது அந்தக் கனிமம் அன்று. அதே படிக அமைப்பை உடைய வேறொரு சேர்மம். ஒரு கனசதுரத்தை வரைந்துகொள்ளுங்கள். நடுவில் ஈய அயனி, ஆறு முகங்களின் மையத்திலும் அயோடைடு அயனிகள், எட்டு மூலைகளிலும் ஒரு பெரிய நேர்மின் அயனி. அயோடைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புரோமைடைச் சேர்த்தால் இயந்திரத்தின் 'விலை' கூடும். இப்படிச் செய்முறையை மாற்றி விலையை நாமே நிர்ணயிக்கும் வசதி சிலிக்கானில் இல்லை.

2009ஆம் ஆண்டில் ஜப்பானின் யோக்கோஹாமா நகரில் சுடோமு மியாசாகாவின் குழு இதைக் கொண்டு செய்த முதல் மின்கலத்தின் திறன் 3.8 விழுக்காடுதான். இன்று தனி பெரோவ்ஸ்கைட் மின்கலம் 26ஐக் கடந்துவிட்டது. சிலிக்கானுக்கு அந்த உயரத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின.

செய்யும் முறையிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சிலிக்கானை 1,414 டிகிரி செல்சியஸில் உருக்கி, ஒரே படிகமாக மெல்ல இழுத்தெடுத்து, மெல்லிய வில்லைகளாக அறுக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டுக்குத் தேவையான உப்புகளையோ ஒரு கரைப்பானில் கரைத்து, கண்ணாடியில் பூசி, ஏறக்குறைய 100 டிகிரியில் சூடேற்றினால் போதும். மஞ்சள் பூச்சு உங்கள் கண்முன்னே கரும்பழுப்பாக மாறும். அதன் தடிமன் அரை மைக்ரோமீட்டர் அளவுதான். தலைமுடி அதைவிட நூறு மடங்குக்கும் மேல் தடிப்பு.

இவ்வளவு எளிதென்றால் நம் கூரைகளில் ஏன் இன்னும் வரவில்லை?

முதல் சிக்கல் பரப்பு. ஆய்வுக்கூடத்தில் வேகமாகச் சுழலும் கண்ணாடித் துண்டின்மேல் கரைசலைச் சொட்டுவார்கள். அது சீராகப் பரவும். நகத்தளவு துண்டுக்கு இது அருமையான வழி. கதவளவு கண்ணாடியை அப்படிச் சுழற்ற முடியாது, கரைசலில் பெரும்பகுதியும் சிதறி வீணாகும். ஆகவே தொழிற்சாலையில், நகரும் கண்ணாடிமேல் ஒரு நீண்ட மெல்லிய பிளவின் வழியே கரைசலை வார்க்கிறார்கள், அல்லது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். எங்காவது ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் அந்த இடத்தில் மின்சாரம் கசியும். 2024ஆம் ஆண்டில் சீனாவின் லோங்கி நிறுவனம் அடுக்கு மின்கலத்தில் 34.6 விழுக்காட்டை எட்டியது. அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபர்ட் பிவி நிறுவனம் அமெரிக்காவுக்கு விற்று அனுப்பிய முழு அளவுத் தகடுகளின் திறன் 24.5 விழுக்காடு. நாளிதழில் 'புதிய சாதனை' என்ற தலைப்பைக் கண்டால் (எங்கள் நாளிதழையும் சேர்த்தே சொல்கிறேன்) மின்கலத்தின் பரப்பு எவ்வளவு, எத்தனை மணி நேரம் தாக்குப்பிடித்தது என்று தேடிப் பாருங்கள்.

அந்த இரண்டாவது கேள்விதான் நம்மை நேரடியாகத் தொடுகிறது. குறைந்த வெப்பத்தில் எளிதாகக் கூடும் படிகம் எளிதாகப் பிரியவும் செய்யும். அயனிகள் அதில் இறுக்கமாகப் பிணைந்திருக்கவில்லை. நீராவி உள்ளே புகுந்தால் மூலையிலிருந்த பெரிய அயனி வெளியேறுகிறது; எஞ்சுவது மஞ்சள் நிற ஈய அயோடைடு. செய்தபோது மஞ்சளிலிருந்து பழுப்பானது, இப்போது பழுப்பிலிருந்து மஞ்சளுக்கே திரும்புகிறது. அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில் மூடாத பெரோவ்ஸ்கைட் நிலைக்காது.

இதற்கென ஒரு கடுமையான தேர்வு உண்டு. 85 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் தகட்டை 1,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 42 நாள், வைப்பார்கள். அதில் தேற, எளிதில் வெளியேறும் அயனிக்குப் பதிலாகச் சீசியம் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். இரு கண்ணாடிகளுக்கு இடையே வைத்து, ஓரங்களை ரப்பர் போன்ற பசையால் அடைக்கிறார்கள். ஆனால் 42 நாள் தேர்வை 25 ஆண்டு வெயில்மழையோடு ஒப்பிட முடியாது. இரவில் குளிர்ந்து, பகலில் கொதித்து, திடீர் மழையில் நனைந்து மறுபடி காயும் தகட்டை வெளியே வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு நம் பருவநிலையைவிடக் கண்டிப்பான தேர்வாளர் கிடைப்பது அரிது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பெரோவ்ஸ்கைட் ஆய்வுக்குழுக்கள் இருக்கின்றன.

இன்னொன்று ஈயம். கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டர் பூச்சில் ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆனால் ஈய அயோடைடு நீரில் ஓரளவு கரையும். குடிநீர் தேங்கும் தெங்கேயில் அப்படியொரு தகடு உடைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஈயத்துக்குப் பதில் வெள்ளீயத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அது காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றமடைந்து கெட்டுவிடுகிறது. அதனால், கண்ணாடி உடைந்தாலும் கசியும் ஈயத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் ஒரு படலத்தைத் தகட்டுக்குள்ளேயே வைத்துவிட முடியுமா என்று இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.