கொல்லிப்பாவைக்கு என்ன முகம்?

கொல்லிமலையைக் களமாக வைத்து நண்பர்களோடு ஒரு ரோல்பிளேயிங் கேம் புத்தகம் எழுதுகிறேன். படங்களை ஓவியரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது? – வாசகர், ராசிபுரம்

'பயங்கரமா வேணும்' என்று மட்டும் சொல்லாதீர்கள், டிராகன்தான் வரும். 1950-ல் கல்கி இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த கொண்டையும் நகையும்தான் நம்மில் பலருக்கு இன்றும் சோழர் காலம். உங்கள் படங்களும் அப்படி ஒரே உலகமாகத் தெரிய, முதலில் ஒரு மாதிரித் தாள் தயாரியுங்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் யாளிகளையும் நாமக்கல் பாறைமேல் நிற்கும் கோட்டையையும் போட்டோ எடுத்து ஒட்டுங்கள். உங்களுக்கு பஸ் தூரம்தானே!

பிறகு ஒவ்வொரு படத்துக்கும் எழுதிக் கொடுங்கள்: யார், கையில் என்ன, வெளிச்சம் எந்தப் பக்கம், தாளில் எவ்வளவு இடம். கொல்லிமலைக் கதைகளில் சிரித்தே கொல்லும் கொல்லிப்பாவையை மட்டும் முழுதாகக் காட்ட வேண்டாம். பாதி முகம் போதும், மீதியை ஆடுபவர்கள் பயந்து நிரப்பிக்கொள்வார்கள். திருத்தங்களைப் பென்சில் நிலையிலேயே சொல்லிவிடுங்கள். வண்ணம் அட்டைக்கும் சில முழுப்பக்கங்களுக்கும் போதும். உள்ளே கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் அழகு, செலவும் குறைவு. முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், கோடு நன்றாக விழும்.