சீக்கிரம் வெளுக்கும், சீக்கிரம் கறுக்கும்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

குமாரபாளையத்தில் சாயத்தைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நூலில் அடர்நிறம் சட்டென்று ஏறினால், அதற்குப் பின்னால் ரசாயனம் இருப்பது இங்குள்ள சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அதே கேள்வியை நம் முகத்துக்கும் தலைக்கும் வாங்குகிற பொருளிடம் நாம் கேட்பதில்லை. ‘ஹெர்பல்’ என்ற சொல்லும் ஒரு இலைப் படமும் இருந்தால் எடுத்துவிடுகிறோம். கவனிக்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு வேகமாகப் பலன் தருவதாகச் சொல்கிறார்கள், உறையில் என்ன அச்சிட்டிருக்கிறார்கள்.

ஃபேர்னஸ் கிரீமா, சன்ஸ்கிரீனா?

ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும் என்று விற்கிற கிரீமில் இரண்டு ஆபத்துகள் இருக்கலாம். ஒன்று பாதரசம். அது மெலனின் உருவாவதைத் தடுப்பதால் நிறம் வெளுக்கிறது. ஆனால் தோல் வழியே உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோய் 22 பேருக்கு இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வந்தது அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் ஃபேர்னஸ் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, கண்ணுக்கானவை தவிர்த்த அழகுப் பொருள்களில் பாதரசம் தற்செயலாகக் கலந்தால்கூட 10 லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் டியூபில் இருந்தால் அது அழகு கிரீம் அல்ல, மருந்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். 2018இல் அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

வெயிலில் கறுத்த முகத்துக்கு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனும், வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசரும் போதும். மங்கு இருந்தால் கடைக்குப் போக வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

பாக்கெட் டையா, மருதாணியும் அவுரியுமா?

அரைமணி நேரத்தில் நரையைக் கறுப்பாக்குகிற டைகளில் பெரும்பாலும் இருப்பது பாரா-ஃபினிலின்டையமின், சுருக்கமாகப் பிபிடி. சிலருக்கு இதனால் தலை அரித்து, கண்ணிமை வீங்கி, நீர் வடியும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அனேகமாக ஆயுள் முழுக்கத் தொடரும். ‘அம்மோனியா இல்லை’ என்று எழுதியிருப்பதால் பிபிடி இல்லை என்று ஆகாது.

‘கறுப்பு மருதாணி’ என்று வரும் பொடியிலும் இதையே தேடிப் பாருங்கள். மருதாணி இலை ஆரஞ்சு முதல் செம்பழுப்பு வரைதான் நிறம் தரும். அது மட்டும் கறுப்பைத் தராது. கல்யாண வீட்டில் சற்று நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கிற மெஹந்தி கோனுக்கும் இதே சந்தேகம் பொருந்தும். இலையை அரைத்து ராத்திரி வைத்துக்கொள்வதே நல்லது.

டையால் அரிப்பு வந்த அனுபவம் உள்ளவர்கள் தலைக்கு முதலில் மருதாணி, அதன்மேல் அவுரி என்று இரண்டு தடவையாகப் போடலாம். அரைநாள் போகும், கறுப்பும் அவ்வளவு சீராக வராது. ஆனால் பிபிடி இல்லை. டைதான் வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் ஒருபோதும் வேண்டாம்; கண்பார்வையே போகலாம் என்று டை உறையிலேயே எச்சரிக்கை இருக்கும்.

ஸ்டிக்கர் பொட்டா, குங்குமமா?

ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் பாரா-டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டை உண்டாக்கும். ராத்திரி எடுத்துவிடுங்கள், லேசாக அரித்தாலும் நிறுத்திவிடுங்கள். குங்குமம் என்றால் மஞ்சளில் செய்தது நல்லது. மலிவான, கண்ணைப் பறிக்கும் சிவப்பில் செயற்கைச் சாயம் இருக்க வாய்ப்பு அதிகம்.

மஞ்சளும் அரப்பும்

பொடியாக விற்கும் மஞ்சளில் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈய உப்பைக் கலப்பதுண்டு. நமக்கு மஞ்சள் சந்தை உள்ள ஈரோடு பக்கத்திலேயே இருக்கிறது. மஞ்சளை முழுசாக வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். எண்ணெய்க் குளியலுக்கு அரப்பும் சீயக்காயும் போதும், கண்ணில் படாமல் தேய்க்க வேண்டும். இவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முழங்கை மடிப்பில் பூசிப் பார்க்கட்டும்.

எதை வாங்கினாலும் உறையில் பொருள் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். பாதிப்பு வந்தால் டப்பாவைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எது கெடுத்தது என்று அவர் கண்டுபிடிக்க அது உதவும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். முகூர்த்தம் குறித்ததும் பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள். ஒரு மாதத்துக்குள் வெளுக்க வேண்டும் என்ற அவசரத்தை அவளிடம் நாம்தான் ஏற்றுகிறோம். அந்த அவசரம்தான் அவளைப் பெயரில்லாத டப்பாவைத் தேட வைக்கிறது.