டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குக்கு எந்த பைப்?

கேள்வி: யமஹா ஒய்இசட் 250 டர்ட் பைக்கின் எக்ஸாஸ்ட் பைப்பை மாற்றுவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் எக்ஸாஸ்ட் பைப் வெறும் புகைக்குழாய் அல்ல, வண்டியின் சுபாவத்தையே தீர்மானிக்கும் உறுப்பு. அதன் புடைத்த வயிற்றுக்குப் பின் குறுகும் கூம்பு அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாமல் நழுவும் பெட்ரோல் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் செம்மைப்படுத்திய உத்தி இது. எந்த ஆர்பிஎம்மில் அலை சரியான நேரத்துக்குத் திரும்பும் என்பதைப் பைப்பின் நீளமும் கூம்புகளின் சரிவும் முடிவு செய்கின்றன. ஆகவே எல்லா வேகத்திலும் சக்தியைக் கூட்டும் பைப் என்று ஒன்று கிடையாது, விளம்பரம் என்ன சொன்னாலும்.

பாறையும் வேரும் நிறைந்த காட்டுப் பாதைக்கு எஃப்எம்எஃப் நிறுவனத்தின் நார்லி பொருந்தும்: குறைந்த வேகத்தில் நல்ல இழுவை, அடி தாங்கும் தடித்த தகடு, சற்றுக் கூடுதல் எடை. மோட்டோகிராஸ் களத்துக்கு அதே நிறுவனத்தின் ஃபேட்டி. இதன் தகடு மெல்லியது. கல் பட்டால் நசுங்கும். பைப் கார்டு தேவை.

எதை வாங்கினாலும் கார்புரேட்டர் ஜெட்டைச் சரிபார்க்க வேண்டும். கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். ஒரிஜினல் பைப் நசுங்காமல் இருந்தால், பொழுதுபோக்காக ஓட்டுபவர் அதை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை.