கடைசிப் பத்துக் குடம்

கருமத்தம்பட்டி வட்டாரத்தில் தறி ஓட்டுபவரும் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுபவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர். ஆகையால், "வெளியே இன்னும் குறைந்த கூலிக்குச் சாயமிட்டுத் தருகிறார்களே, சங்கம் ஏன் அங்கே நூலைக் கொடுக்கலாகாது?" என்று அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் வினவியபோது, தறிக்காரராக அவர் கேட்டதற்குத் தோட்டக்காரராக அவரே விடை காண வேண்டியவர் என்று நமக்குத் தோன்றிற்று.

நீரில் நனைந்த பருத்தியிழையும் சாயமும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். உப்பைச் சேர்த்தால் அவ்விலக்கம் தணிந்து சாயம் இழையில் ஏறுகிறது. ஆனால் உப்பு இழையில் தங்குவதில்லை. போட்டது அவ்வளவும் கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தை அகற்றிவிட்டால் நீர் தெளிவாகத் தோன்றும். உப்பு கண்ணுக்குத் தெரியாது, கிணற்றுக்குத்தான் தெரியும்.

நொய்யலில் நேர்ந்தது இதுவே. பாசனத்துக்கென 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை ஒரு துளியும் வெளிவிடாத நிலை எய்தும் வரை சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது.

அந்நிலையை எய்துவது எங்ஙனம்? நிறமும் அழுக்கும் நீக்கிய நீரை, மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வினூடே செலுத்துகின்றனர், நாம் ஆர்.ஓ. என்பது அதனையே. நூறு குடத்தில் தொண்ணூறு நன்னீராய்த் திரும்பியது என்று கொள்வோம். எஞ்சிய பத்துக் குடத்தில் நூறு குடத்து உப்பும் நிற்கிறது! அதனைச் சவ்வு மேலும் பிரிக்க இயலாது, காய்ச்சியே ஆகவேண்டும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தினும் அதனை முழுதும் ஆவியாக்க ஏழு மடங்குக்கு மேல் வேண்டும். ஒரு கலத்தின் ஆவியைக் கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கிச் சிக்கனம் செய்கின்றனர். எனினும், கூலி உயர்வதில் பெரும்பங்கு இந்தப் பத்துக் குடத்தினுடையது.

விண்வெளியில் சுற்றும் பன்னாட்டு நிலையத்திலும் இதே தொல்லைதான். அங்கே சிறுநீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்குகின்றனர். எடையின்மையால் எலும்பிலிருந்து கரையும் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் மிகுந்து, கருவியில் படிவாய் இறுகி அடைத்துக்கொண்டதும் உண்டு. நமது கொதிகலனில் படியும் உப்புக்கு உறவினர் அது! எஞ்சும் உவர்நீரைச் சவ்வுப் பையிலிட்டு, வெப்பமான உலர்காற்றை வீசி, வெளிப்படும் ஈரத்தையும் பிடித்தனர். அதன் பயனாய் 2023இல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு நீர் மீட்கப்பெற்றது. தண்ணீரை ராக்கெட்டில் ஏற்றியனுப்பும் செலவை எண்ணினால் அவர்கள் பாடுபடுவது வியப்பன்று.

திருப்பூர் கண்ட உபாயம் ஒன்று இதனினும் நமக்கு உகந்தது. உவர்நீரின் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, அதனையே மீண்டும் சாயத்தொட்டியில் ஊற்றுவது. காய்ச்சும் செலவும் குறையும், புது உப்பின் செலவும் குறையும். எனினும் இறுதியில் எஞ்சும் கலப்பு உப்பை வாங்குவாரில்லை. மழை படாமல் மூட்டைகளில் காத்துவைக்க வேண்டியிருக்கிறது.

சாயக்கூலித் தீர்மானம் பேரவைக்கு வருகையில் அங்கத்தினர்கள் கூலிப்பட்டியலோடு, அப்பட்டறை எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சார்ந்தது என்பதற்கான சான்றையும் கேட்டு வாங்கலாம். அவ்வாறு கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.