களிற்றின் இரு வேட்கைகள்

நுழையும்முன்
உயிர் நிலைக்க உணவு வேண்டும். இனம் நிலைக்க இணை வேண்டும். இவ்விரு வேட்கைகளும் ஒருசேர எழும்போது விலங்கு எதற்கு முதலிடம் தரும்? களிற்றின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

வயிற்றின் அழைப்பு
வளர்ந்த களிறு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ பசுந்தீவனம் உண்கிறது. உண்பதில் பாதியைக்கூட அதன் உடல் செரிப்பதில்லை. ஆகவே, நாளின் பெரும்பகுதியை அது மேய்ச்சலிலேயே கழிக்கிறது.

மதக்காலம்
மதம் கொண்டதும் இவ்வொழுங்கு மாறுகிறது. கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுரப்பியிலிருந்து மதநீர் வழிகிறது. டெஸ்டோஸ்டீரான் என்னும் ஹார்மோன் பன்மடங்கு பெருகுகிறது. களிறு மேய்வதைக் குறைத்து, பிடிகளைத் தேடி நெடுந்தொலைவு அலைகிறது.

இதற்குக் காரணம் உண்டு. பிடி 22 மாதங்கள்வரை கருவைச் சுமக்கிறது. பின்னர்க் கன்றுக்கு நெடுநாள் பாலூட்டுகிறது. அது இணைசேரும் பருவமோ சில நாள்களே. எனவே, இணைசேரும் நிலையிலுள்ள பிடிகள் காட்டில் எப்போதும் மிகச் சிலவே. மேய்ந்துகொண்டே காத்திருக்கும் களிறு அவ்வாய்ப்பை இழந்துவிடும்.

ஈட்டலும் செலவும்
மதக்கால அலைச்சலுக்குக் கைகொடுப்பது, முன்னரே உண்டு உடலில் சேர்த்த கொழுப்பாகும். உடல்வளம் மிக்க முதிர்ந்த களிற்றுக்கு மதம் இரண்டு, மூன்று மாதங்கள்கூட நீடிக்கும். மெலிந்த இளங்களிற்றுக்கு விரைவில் தணிந்துவிடும். மதம் தணிந்ததும் களிறு மேய்ச்சலுக்குத் திரும்பி, இழந்த வளத்தை மீட்கிறது. ஒரு வேட்கை ஈட்டியதையே மற்றொன்று செலவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்
களிறுகள் அனைத்தும் ஒரே காலத்தில் மதம் கொள்வதில்லை. மதம் கொண்ட களிற்றுக்கு, அதனினும் பெரிய களிறும் மதமற்ற நிலையில் பெரும்பாலும் வழிவிட்டு விலகும்.

வயலுக்கு வரும் களிறு
தென்னிந்தியக் காடுகளில் ஆய்வு செய்த இராமன் சுகுமார், பிடிகளைவிட வளர்ந்த களிறுகளே மிகுதியாக விளைநிலங்களுக்குள் புகுவதைக் கண்டறிந்தார். காட்டுப்புல்லைவிட நெல்லும் கேழ்வரகும் ஊட்டம் மிக்கவை. அவ்வூட்டம் இனப்பெருக்க வெற்றிக்கு உதவுவதால், களிறுகள் உயிருக்கு நேரும் இடரையும் ஏற்கின்றன என்பது அவர் விளக்கம்.

ஓரிரவில் உழவர் ஒருவரின் பருவ உழைப்பு அழிகிறது. மின்வேலியில் சிக்கிக் களிறும் மடிகிறது. உழவரின் இழப்பை ஈடுசெய்வதோடு, காட்டின் மேய்ச்சல் நிலங்களையும் வழித்தடங்களையும் காப்பதும் இன்றியமையாதது. களிற்றை விரட்டுவதால் மட்டும் அதன் வேட்கை அடங்குவதில்லை.

சிந்தனை வினாக்கள்
1. மதக்காலத்தில் களிறு மேய்ச்சலைக் குறைப்பது ஏன்?
2. ‘ஒரு வேட்கை ஈட்டியதையே மற்றொன்று செலவிடுகிறது’ – பாடப்பகுதிகொண்டு விளக்குக.